பதில் சொன்ன நம்பர்

ஏனுங்க சார், அந்தக் கழுத்துப் பட்டையைப் பாத்ததுல இருந்து கேக்கோணும் கேக்கோணும்னு இருக்கறேன். கம்ப்யூட்டர் கம்பெனிங்களா? சரவணம்பட்டிப் பக்கமுங்களா? அப்பச் சரி. லினக்ஸ் தெரியுமுங்களா உங்களுக்கு? ஒரு சந்தேகம் இருக்குதுங்க.

இல்ல, ஆஸ்பத்திரில உக்காந்துட்டு இதென்ன கேள்வின்னு பாக்கறீங்க. தெரியுதுங்க. உள்ள தீவிர சிகிச்சைல கெடக்கறது என்ற தம்பி பூபதி. தலைல அடி. மண்டையைத் தெறந்து ரத்தக்கட்டை எடுத்துட்டாங்களாம். கண்ணு முழிச்சா பொழைச்சான், இல்லைன்னா நம்ம கைல ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லீட்டுப் போனாரு. காத்தால பத்து மணிக்குக் கொண்டாந்தது, இப்ப நாலாச்சு. அங்க மூலைல செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்குதே, அது அவன் சம்சாரம் சுகந்தி. எங்கூடப் பேசாது. இங்க நின்ன போலீஸ்காரரு, எஸ்.ஐ. வர்ற வரைக்கும் எங்கயும் நகராதீங்கன்னு சொல்லீட்டு டீ குடிக்கப் போயிருக்கறாரு. தங்கமான மனுசன். உங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரட்டுமான்னு கேட்டாருங்க.

சும்மா உக்காந்திருந்தா மண்டைக்குள்ள அதேதான் ஓடுது. எந்த எடத்துல கோளாறு, எதைப் பாக்காம விட்டேன்னு. மோட்டார் எரிஞ்சு வந்தாலும் நான் அப்படித்தான். எந்தச் சுத்துல கருகுச்சுன்னு கண்டுபிடிக்காம எனக்குச் சோறு எறங்காது. காயில் கட்டற தொழிலுங்க நம்முளுது. கணபதில ஊட்டுக்குக் கீழயே பட்டறை. பம்பு மோட்டாரு, கிரைண்டர் மோட்டாரு, எது எரிஞ்சாலும் எங்கிட்டத்தான் வரோணும். பூபதி சம்சாரம், கொழந்தையோட மேல் மாடில இருக்கறான். ஊடு கட்டறதுக்குப் பிளான் வரையற வேலை. நல்லா வரைவான். நான்தான் படிக்க வெச்சேன்.

ஒரு மில்லுல பழைய கம்ப்யூட்டரை எல்லாம் கழிச்சுக் கட்டுனாங்க. ஒண்ணை எடுத்துட்டு வந்து, நானே வீடியோ பாத்துப் பாத்து லினக்ஸ் ஏத்துனேன். எட்டாவது படிச்சவன் சார் நானு. பெரிய டிஸ்க் ஒண்ணு மாட்டி, பூபதியோட பிளான், என்ற பட்டறைக் கணக்கு, கண்ணாலப் போட்டோ, எல்லாத்தையும் அதுக்குள்ள வெச்சு, மேல இருக்கற அவன் லேப்டாப்புல இருந்து தெறக்கற மாதிரி சாம்பான்னு ஒரு புரோகிராம் போட்டுக் குடுத்தேன். கம்ப்யூட்டர் பேரைப் போட்டா சில நாள் கண்டுபிடிக்க மாட்டேங்குதுன்னு நம்பரையே போட்டுட்டேன். வைஃபை பெட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுக்குதுங்களே, கதவு நம்பர் மாதிரி, நம்ம கம்ப்யூட்டருக்குக் கடைசில ரெண்டு. ரெண்டுன்னா ரெண்டுதான், ஆணி அடிச்சாப்பல. மூணு வருசம் ஒரு நாள் நின்னதில்லீங்க.

அவன் லேப்டாப்புலயும் ஒரு காப்பி வெச்சுக்கறேன்னான். வேண்டாம்னுட்டேன். பென்டிரைவுல வெச்சிருந்தான், வாங்கி வெச்சுக்கிட்டேன். ஒரே ஊடு, ஒரே எடம். எல்லாம் ஒட்டுக்கா இருந்தாத்தான் குடும்பம். அது தப்புங்களா?

நான் பொதுவா கைநீட்டற ஆள் இல்லீங்க. பட்டறைல யாரை வேணாலும் கேளுங்க. கோவம் வரும். வந்தா சித்த நேரம் எல்லாரும் வாயை மூடிப் பொட்டாட்ட இருந்துட்டாப் போதும், தானா எறங்கிரும். பூபதிக்கு அது தெரியும். சின்ன வயசுல இருந்தே நான் கோவமா இருந்தா அவன் வாயே தெறக்க மாட்டான். சொல்ல வேண்டியதை ஒரு சீட்டுல எழுதி எம்பட கைல குடுத்துட்டுப் போயிருவான். 'அண்ணா, பரிச்சைக்குப் பணம் கட்டோணும்.' 'அண்ணா, சைக்கிள் தொலைஞ்சுபோச்சு.' பொண்ணு புடிச்சிருக்குதுங்கறதைக் கூடச் சீட்டுலதான் எழுதிக் குடுத்தான். நாப்பது வயசாச்சு, இன்னும் அந்தப் பழக்கம் போகல. அம்புட்டு மரியாதை என்ற மேல.

என்ற சம்சாரம் அப்படியில்லீங்க, அது எதுத்துப் பேசும். இப்ப கோபில அவங்கப்பன் ஊட்டுல இருக்குது. மணிக்கட்டு முறிஞ்சதுக்கு வைத்தியம் பாத்துட்டு வர்றேன்னு போனது. ரெண்டு வருசம் ஆச்சுங்க. கோபிப் பக்கம் வைத்தியம் மெதுவாத்தான் நடக்கும் போல.

சரி, விசயத்துக்கு வர்றேன். நேத்து ஆயுத பூசை. எங்க பட்டறைல பூசைன்னா பூசைங்க. ஸ்பேனரு, ரெஞ்சு, டிரில்லு, காயில் சுத்தற மெசினு, எல்லாத்தையும் கழுவி, வரிசையா வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுப் படுக்கப் போட்டுருவேன். ஒரு நாள் முச்சூடும் எதையும் தொடக்கூடாது. கம்ப்யூட்டரு, பூபதி லேப்டாப்பு, அந்த வைஃபை பெட்டி, எல்லாம் ஆயுதம்தானுங்களே. எல்லாத்தையும் நிறுத்தி அதே வரிசைல வெச்சேன். பூபதி மட்டும், "வைஃபை பெட்டியை நிறுத்த வேண்டாமுங்ணா, அது ஓடிட்டே இருக்கட்டும்"னான். உன்ற படிப்பைப் பூசைக்கு முன்னாடி காட்டாதேன்னேன். அவனே பெட்டியைக் கழட்டிக் குடுத்தான்.

மேல சுகந்திக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. ஏன்னு கேளுங்க. பூசைக்குத் தள்ளுபடின்னு புதுசா ஒரு டிவி வாங்கி வெச்சிருக்குது. அத்தாச் சோடு, செவுத்துல பாதி இருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் கடைல இருந்து திரும்பி வர்றேன், ரெண்டு பேரு படில தூக்கீட்டுப் போறாங்க. யாரு ஊட்டுக்குன்னு நான் அவங்களைக் கேக்கறேன் சார், என்ற ஊட்டு வாசல்ல நின்னுட்டு. வைஃபை இல்லாம அந்த டிவி ஓடாதாம். நாளைக்குப் பாத்துக்கோ அம்மணின்னு சொல்லீட்டேன்.

அந்த டிவில இருந்துதானுங்க எல்லாம் ஆரம்பம். மனசு பிரியறது அப்படித்தான் ஆரம்பிக்கும். முதல்ல தனி டிவி, அப்பறம் தனி அடுப்பு, அப்பறம் வக்கீலு.

இன்னைக்கு விஜயதசமி. எட்டு மணிக்குக் கற்பூரம் காட்டி, வைஃபை பெட்டியை முதல்ல போட்டேன். அப்பறம் வாசல்ல பூசணிக்காய்ல குங்குமத்தைக் கொட்டி, சுத்தி ஒடைச்சேன். கைகால் கழுவீட்டு வந்துதான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அதுக்குள்ள மேல டிவி சத்தம் கேக்குது. பட்டிமன்றம். நடுவரு கத்தறாரு, சனம் கை தட்டுது.

எட்டரைக்குப் பூபதி மேல இருந்து கூப்பிடறான். "அண்ணா, போல்டர் தெறக்க மாட்டேங்குதுங்ணா." அவனுக்கு அவசரம். காரமடைல ஒருத்தருக்கு ஒம்பதே முக்காலுக்கு வாஸ்து பூசை, அளவு போட்டுக் கயிறு கட்டப் பிளான் அனுப்பியாகோணும். பிளான் கீழ கம்ப்யூட்டர்ல இருக்குது. நான் இருக்கறேன்டா, பதறாதேன்னேன்.

முறையாத்தானுங்க பாத்தேன். நீங்களே சொல்லுங்க, எதாச்சு விட்டிருக்கறேனான்னு. முதல்ல வயரு, சரி. சாம்பா ஓடுதான்னு பாத்தேன், பச்சை காட்டுது. இருந்தாலும் நிறுத்திப் போட்டேன். கூப்பிட்டுக் கேட்டா, இன்னும் இல்லீங்ணாங்கறான். தடுப்புச் சுவரை எடுத்து உட்டேன், பயர்வாலை. இல்லீங்ணா. அனுமதி எல்லாம் பாத்தேன், பூபதி பேரு இருக்குது. கம்ப்யூட்டரையே ஒருக்கா அணைச்சுப் போட்டேன். இல்லீங்ணா. மேல கை தட்டறாங்க. ஒவ்வொருக்கா அவன் இல்லீங்ணாங்கறதும் அந்தக் கைதட்டலும் ஒட்டுக்கா வருதுங்க. எனக்கு எப்படி இருக்கும்?

மேல போனேன். பூபதி கட்டில்ல லேப்டாப்பை வெச்சுட்டு உக்காந்திருக்கறான். சுகந்தி அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு இருக்குது. லேப்டாப்பைப் புடுங்கி பிங்கு போட்டேன். அதான், 'இருக்கறயா'ன்னு கேட்டா 'இருக்கறேன்'னு பதில் வருமே. ரெண்டாம் நம்பரைப் போட்டேன். டக்கு டக்குன்னு பதில் வருதுங்க சார். ஒண்ணு கூடத் தவறல. அந்தப் பதிலைக் கண்ணுல பாத்ததுக்கப்பறம் எனக்குக் கோளாறு புரிஞ்சுபோச்சு. கம்ப்யூட்டரு பதில் சொல்லுது. பாதை சரி, கதவு சரி. அப்பறமும் உள்ள வர முடியலைன்னா அவங்க எதையோ மாத்தி வெச்சிருக்கறாங்கன்னுதானே அர்த்தம்? தனியாப் போறதுக்கு வழி பண்றாங்க. நாளைக்கு, 'அண்ணன் கம்ப்யூட்டரு ஓடறதில்லை, நான் எம்படதை எடுத்துக்கறேன்'னு சொல்லலாமுங்களே.

"என்னடா மாத்துனே"ன்னேன். "ஒண்ணும் மாத்தலீங்ணா"ன்னான். ஒருக்கா, ரெண்டுக்கா, மூணுக்கா கேட்டேன். அதையே சொல்றான். ஒரு அறை. ஒண்ணே ஒண்ணு, பொறங்கைல. மோதரம் பட்டு உதடு கிழிஞ்சுபோச்சு. நான் பொதுவா கைநீட்டற ஆள் இல்லீங்க. டிவி மட்டும் ஓடாம இருந்திருந்தா அந்த அறையோட முடிஞ்சிருக்கும். அந்நேரம் பாத்து எல்லாரும் சிரிக்கறாங்க சார். எவனோ எதையோ சொல்லி மண்டபமே சிரிக்குது.

இஸ்திரிப் பெட்டியை எடுத்து டிவில உட்டேன். வயரோட போச்சு. கண்ணாடி பொரியாட்டத் தெறிச்சுது. பெட்டி கீழ விழுந்து உருண்டு சுகந்தி கால்ல பட்டுருச்சு. சூடுதான், ஆனா பெருசா ஒண்ணுமில்லை, தோலு மட்டும் உரிஞ்சிருந்துது. அது கத்தீட்டு வந்து என்ற மூஞ்சியைப் புடிச்சுத் தள்ளுச்சு. மூக்குக் கண்ணாடி கீழ விழுந்து யாரோ மிதிச்சுட்டாங்க. அப்ப இருந்து எனக்குக் கிட்டத்து எழுத்து எதுவுமே தெரியறதில்லீங்க. உங்க பட்டைல போட்டோ தெரியுது, பேரு தெரியல.

ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. டிவி ஒடைஞ்ச மாத்திரத்துல லேப்டாப்புல அந்தப் பதிலு நின்னுபோச்சு. அதுவரைக்கும் மளமளன்னு ஓடிட்டிருந்த வரி அப்படியே நிக்குது. நான் போட்ட சத்தத்துல அதுவும் பயந்துபோச்சு போலன்னு நெனச்சேன். பூபதி வாயில இருந்து ரத்தம் ஒழுகுது, அதைத் தொடைக்காம நின்னுபோன அந்த வரியையே பாத்துட்டு இருந்தான். நான் பேசறேன், அவன் என்னைப் பாக்கல. எனக்கு அது இன்னும் ஆத்திரமாப் போச்சு. இருந்தாலும் கட்டுப்படுத்திட்டுக் கீழ எறங்கி வந்துட்டேன். வந்துட்டேன் சார், அதைக் கவனிச்சுக்குங்க. பிரச்சனை வேண்டாம்னு வந்தவன் நானு.

பட்டறைல உக்காந்து தண்ணி குடிச்சேன். மேல சுகந்தி கத்தறது தெரு முனை வரைக்கும் கேக்குது. "பாகத்தைப் பிரிச்சு வாங்குங்க, இன்னைக்கே எழுதி வாங்குங்க, இல்ல நான் கொழந்தையக் கூட்டீட்டுப் போயிருவேன்"னு. எங்கப்பா செத்தப்ப அவர் தலைமாட்டுல நின்னு, ஊடு உடையாதுங்கன்னு சொன்னவன் நானு. என்ற காதுல அது எப்படி உழுகும்?

பத்து நிமிசம் இருக்கும். அப்பறம் பூபதி படில தடதடன்னு எறங்கி வர்றான். கைல ஒரு காயிதம். என்ற கிட்ட வந்து அதை நீட்டறான். "அண்ணா, ஒரே ஒரு நிமிசம், இதைப் பாருங்ணா"ங்கறான். வாய் வீங்கியிருக்குது, ஆனா சிரிச்ச மாதிரி இருந்துது. எனக்குக் கண்ணாடி வேற இல்லை, காயிதம்னு தெரியுது, என்ன எழுதியிருக்குதுன்னு தெரியல. தெரியோணுமா? பாகப் பிரிவினைன்னு மேல கத்தியாச்சு, அதுக்கப்பறம் புருசன் காயிதத்தோட எறங்கி வந்தா அது என்னவா இருக்கும்? பாகத்தை எழுதிக் கையெழுத்து வாங்க வர்றான்னு நெனச்சேன்.

பூசை வரிசை கிட்டத்துலயே இருந்துதுங்க. பைப் ரெஞ்சு, ரெண்டடி நீளம், சந்தனம் இன்னும் காயல. அதுதான் கைக்கு வந்துது.

ஒரு அடிதானுங்க. தோளுக்குத்தான் வெச்சேன், அவன் குனிஞ்சுட்டான். குனியாம நின்னிருந்தா தோளோட போயிருக்கும். இதை டாக்டர்கிட்டயும் சொன்னேன். அவரு எழுதிக்கல.

ரெண்டு. ரெண்டு அடி. மொத அடில அவன் மண்டி போட்டுட்டான், போட்டுட்டும் அந்தக் காயிதத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டறான். "பாருங்ணா, பாருங்ணா"ன்னு. கீழ வெச்சுத் தொலைச்சிருக்கலாமே சார். அப்பத்தான் ரெண்டாவது. அதுல காயில் சுத்தற மெசின் மேல சாஞ்சான், தாமிரக் கம்பி பூராத் தலைல சுத்திக்கிச்சு. புதுக்கம்பி, அஞ்சு கிலோ, ரத்தத்துல ஊறிப்போச்சு. மெசினைப் புடிச்சுட்டு எந்திரிக்கப் பாத்தான். என்ற காலைப் புடிக்க வந்தானா, என்னைத் தள்ள வந்தானான்னு எனக்கெப்படித் தெரியும்?

மூணு. அந்தப் போலீஸ்காரருகிட்ட ஒண்ணுன்னுதான் சொல்லிருக்கறேன்.

நான்தானுங்க தூக்கீட்டு வந்தேன். இந்தக் கைலதான். வேற யாரு தூக்குவா, நான்தானே அவனுக்கு எல்லாம். வாசல்ல ஒடைச்ச பூசணிக்காய் மேலயே காரு ஏறி வந்துது. பக்கத்து ஊட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு, வாசல்ல இருந்த செவப்பெல்லாம் குங்குமம்னு நெனச்சிருப்பாரு. வழி முச்சூடும், "ஒண்ணுமில்லடா பூபதி, ஒண்ணுமில்ல, அண்ணன் இருக்கறேன்"னு சொல்லீட்டே வந்தேன். அவன் வெரல்ல இன்னும் அந்தக் காயிதம். இங்க தள்ளுவண்டில போடறப்ப நர்சு பிரிச்சு எடுத்து எங்கிட்டக் குடுத்துச்சு.

என்னங்க கேட்டீங்க? கம்ப்யூட்டருக்கு முன்னாடியே டிவியப் போட்டாங்களான்னா? ஆமாங்க, முன்னாடியேதான், நான் பூசணிக்காய் ஒடைச்சுட்டு இருக்கறப்பவே சத்தம் வந்துருச்சுன்னு சொன்னனே. புது டிவிதான், இன்னைக்குத்தான் மொத மொதலா நெட்டுல போட்டாங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

இருங்க. அந்தக் காயிதம் என்ற சட்டைச் சோப்புலதான் இருக்குது. எஸ்.ஐ. வந்தா குடுக்கலாம்னு வெச்சிருக்கறேன். அவங்க எழுதி வாங்க வந்தாங்கங்கறதுக்கு அது ஒண்ணுதானே அத்தாட்சி. நீங்க படிச்சுச் சொல்லுங்க. எத்தனை பாகம்னு எழுதியிருக்கறான்? மெதுவாப் பிரிங்க, ஒட்டியிருக்கும்.

'அண்ணா, கோவிச்சுக்காதீங்க.' ம். அப்படித்தான் ஆரம்பிப்பான். எல்லாச் சீட்டுலயும் அப்படித்தான்.

'நேத்து எல்லாத்தையும் நிறுத்திப் போட்டதுல நம்பர் மாறிருச்சுங்ணா. ரெண்டாம் நம்பர் முதல்ல போட்ட டிவிக்குப் போயிருச்சு. பதில் சொன்னது டிவிதான்.'

டிவியா? பதில் சொன்னது டிவியா? அதனாலதான் ஒடைச்சதும் நின்னுச்சா?

ம், படிங்க. இல்ல, நான் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். 'கம்ப்யூட்டரு இப்ப ஏழாம் நம்பர். வைஃபை பெட்டி லிஸ்ட்டைப் போன்ல பாத்தேன். ஏழு போட்டதும் தெறந்துருச்சு. பிளான் அனுப்பிட்டேன். ரெண்டு பேரும் ஒட்டுக்காவே காரமடை போயிட்டு வந்துரலாம், சுகந்தி சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க.'

ஏழு. ஏழுங்களா? நல்லாப் பாருங்க சார். இந்த ஒத்தை வார்த்தையை வாயைத் தெறந்து சொல்லியிருந்தான்னா நான் ஏன் சார் ரெஞ்சை எடுக்கறேன்? நம்பர் மாறிருச்சுங்ணான்னு ஒரு வார்த்தை. அதை எதுக்குடா எழுதீட்டு வரோணும்? வாய் இல்லையா உனக்கு? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருவேன்?

கீழ இன்னும் ஒரு வரி இருக்குதுங்களா? படிங்க.

'நீங்க வெச்சது எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்ணா. தப்பு உங்க மேல இல்லை.'



இன்னொருக்கா படிங்க, அந்தக் கடைசி வரியை மட்டும்.

நர்சு கூப்பிடுது பாருங்க, பூபதிக்கு வந்தவங்க யாருன்னு. நான்தானுங்க, அண்ணன். என்னை வேண்டாமாம். சுகந்தியைக் கூட்டீட்டுப் போகுது. போகட்டும். கண்ணு முழிச்சிருப்பான். முழிச்சதும் பொண்டாட்டியத்தானே தேடுவான், அது ஒலகத்துல நடக்கறதுதான்.

அது சுகந்தி சத்தமுங்களா?

அது அப்படித்தானுங்க, கத்தீட்டே இருக்கும். காத்தால இருந்து அதே கத்தல்தான். கால்ல சூடு பட்டதுக்குக் கூட இப்படித்தான் கத்துச்சு. நீங்க எந்திரிக்காதீங்க சார், உக்காருங்க. போலீஸ்காரரு வர்றாரு. அந்தச் சீட்டைக் குடுங்க. அப்படி மடிக்காதீங்க, பிரிச்சபடியே குடுங்க. தப்பு உங்க மேல இல்லைன்னு எழுதியிருக்கற எடத்துல ரத்தம் படலீங்களே? மத்தவங்க எடுத்துப் படிச்சாலும் தெரியற மாதிரி இருக்குதுங்களா?